ஒரு நாய்க்கு இரண்டரை நிமிஷம்

வயதை மட்டும் கேட்கலாம். வேறு எதையும் கேட்கக் கூடாது. நாயின் பெயர் கூடாது, ஊர் கூடாது, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்கவே கூடாது. வாசலில் விற்கிற நிகழ்ச்சிப் புத்தகத்தை யாராவது என் எதிரே விரித்துப் பிடித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. நடுவராக நிற்கிறவள் நாயைத்தான் பார்க்க வேண்டும், நாயின் ஜாதகத்தை அல்ல. நல்ல சட்டம்தான். ஆனால் மறைக்க ஏதோ இருக்கிற ஆள்தான் இப்படி ஒரு சட்டம் போட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். ஆறு வருஷமாகப் படிக்கிறேன், இன்னும் தோன்றுகிறது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் தவளைப் புட்டிகளைத் துடைத்து அடுக்குகிறவள், நாற்பது வயதில் நாய்க் கண்காட்சிக்கு நடுவராகப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால், திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக் மைதானம். சுண்ணாம்புக் கோடு போட்டுக் கயிறு கட்டிய ரிங்குக்குள் நான் நிற்கிறேன். எதிரே வரிசையாக ஏழு ராஜபாளையம் நாய்கள், ஏழும் ஆண், ஏழும் வெள்ளை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டேன், சத்தம் நாயைக் கலைக்கும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தியிருக்கிறேன், காற்றில் பறந்தால் நாய் மிரளும். ஒரு நாய்க்கு இரண்டரை நிமிஷம். அதற்கு மேல் எடுத்தால் அதற்கும் மதிப்பெண் குறைப்பார்கள்.

ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் பெஞ்சமின் சார். இன்றைக்கு இந்த ஏழு நாய்க்கும் நிஜமான நடுவர் அவர்தான், நான் பரீட்சை கொடுக்கிற பயிற்சி நடுவர். எனக்கு முன்னாலேயே ஏழு நாயையும் பார்த்து, முதல் நான்கு இடத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். நானும் நான்கு எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி காரணத்தோடு. மூன்று இடமாவது ஒத்துப்போனால் நான் நடுவர். இல்லாவிட்டால் இதோடு சரி. ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான், இது எனக்கு மூன்றாவது. அவர் போட்டிருப்பது மெல்லிய வெள்ளைச் சட்டை. சீட்டில் நீல மை தெரிகிறது, ஒன்றா ஏழா என்று புரியாத அளவுக்குத் தெரிகிறது. நான் எட்டிப் பார்க்கிறேனா என்று சோதிக்க வேண்டுமென்றே அப்படி மடித்து வைத்திருக்கிறாரோ. நான் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் இருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் தடவை நேரத்தால் தோற்றேன், ஒரு டாபர்மேனுக்கு ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை ஒரு நாயின் தோள் நிறத்தில் சந்தேகம் வந்து, சாயம் அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, எல்லாரும் பார்க்கக் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். கைக்குட்டையில் வந்தது செம்மண். அன்றைக்கு பெஞ்சமின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ராணுவத்தில் பீரங்கிப் பக்கம் இருந்தவர், இடது காது பாதிதான் கேட்கும், வலது பக்கம் நின்றுதான் அவரிடம் பேச வேண்டும். "ஒங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு பொற்கொடி. ஆனா நீங்க நாயப் பாக்கல, நாயப் புடிச்சிருக்குற ஆளப் பாக்குறீங்க" என்றார். ஆளைப் பார்க்காமல் எப்படி இருப்பது. நாயா ஏமாற்றுகிறது. ஏமாற்றுகிறவன் வாரின் அந்த முனையில் அல்லவா நிற்கிறான். இன்றைக்கு எனக்கு லேப்ரடார் என்றுதான் போன வாரம் தகவல் வந்தது. ஒன்பது மணிக்கு வந்து இறங்கினால், மாற்றியாகிவிட்டது, உங்களுக்கு ராஜபாளையம் என்கிறார்கள். ஒரு காலத்தில் என் வீட்டில் ராஜபாளையம் குட்டி எடுத்தேன் என்று பெஞ்சமின் சாருக்குத் தெரியும். தெரிந்துதான் மாற்றினாரோ. கை கொடுக்கவா, காலை வாரவா.

என் வீட்டுக்காரர் வேறு. வாடிப்பட்டியில் பைக்கை எடுக்கும்போது "இன்னைக்கு ஒனக்கு என்ன நாயி?" என்றார். லேப்ரடார் என்றேன். சின்னாளபட்டி தாண்டியதும் தலையைத் திருப்பாமலேயே மறுபடி, "லேப்ரடார்தானே?" என்றார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனுஷர், எந்த நாயானால் அவருக்கு என்ன. போன இரண்டு தடவையும் கயிற்றை ஒட்டி முதல் ஆளாக நின்று, எனக்கே வெட்கம் வருகிற மாதிரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்றைக்குக் கேட்டோடு நின்றுவிட்டார். "நீ போ. நான் டீக்கடையிலயே நிக்கிறேன்" என்றார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் டீ குடிப்பார். தவமணி எதையாவது மறைத்தால் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விடுவார், இருபது வருஷமாக எனக்குத் தெரியும். கேட்டில் நின்று காலரை இழுத்துக்கொண்டிருந்தார். சரி, நாயைப் பார், நாயைப் பார். ஒன்றாம் நம்பர் மார்பு குறுகல். இரண்டுக்கு நடை நன்றாக இருக்கிறது, ஆனால் வால் முதுகு மேல் சுருள்கிறது. மூன்றின் மூக்கு கொஞ்சம் அதிகமாகவே இளஞ்சிவப்பு. உதட்டுச்சாயம் எடுத்துத் தடவியிருப்பார்களோ என்று கை கைக்குட்டைக்குப் போனது, செம்மண் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். நான்காம் நம்பர் முதலில் பல் காட்ட மறுத்து உறுமியது. ஐந்து பவுடர் வாசனை அடித்தது, நாய்க்கு ஏன் பவுடர். ஆறாம் நம்பர் அழகுதான், பிடித்திருக்கிற பெண்மணி என்னைப் பார்த்து ஏற்கெனவே தெரிந்த மாதிரிச் சிரித்தாள், அதனாலேயே ஆறை இரண்டு முறை தடவிப் பார்த்தேன். இந்த ஆறு நாய்களுக்கும் பல் பார்த்து, உடம்பு தடவி, நடக்கவிட்டு, கடைசியாகப் பின்னால் போய் நின்று டப்பாவை ஆட்டியாகிவிட்டது. டப்பா என்பது பழைய சுண்ணாம்பு டப்பா, உள்ளே நாலைந்து கூழாங்கல். வெள்ளை நாயில் செவிடு அதிகம், செவிட்டு நாய்க்கு ரிங்கில் இடம் கிடையாது, அதனால் ராஜபாளையத்துக்கு மட்டும் இந்தச் சோதனை. ஆறும் திரும்பிப் பார்த்தன.

ஏழாவது நாயைப் பிடித்திருக்கிறவருக்கு அறுபது வயதிருக்கும். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை, கடையிலிருந்து நேராகக் காலில் ஏறிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ரிங்குக்குப் புதிது, வாரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். நாய் அப்படி இல்லை. அது நிற்கிறது. மற்ற ஆறையும் நிறுத்தி வைத்தார்கள், இது தானாக நிற்கிறது. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு, வயிறு ஏறி, கழுத்து நிமிர்ந்து, பொன்னிறக் கண்ணால் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. இவ்வளவு நல்ல நாயைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தோஷம் வருவதில்லை, என்ன குறையை மறைக்கிறார்கள் என்றுதான் வரும். உதட்டைத் தூக்கினேன், மேல்பல் கீழ்ப்பல்லைக் கத்தரி மாதிரி சரியாக மூடுகிறது. கழுத்து, தோள், விலா, முதுகெலும்பு, விதை இரண்டும் இறங்கியிருக்கிறது. எதுவும் இல்லை. எதுவும் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. நடுவர்கள் யாரும் பின்னங்காலைத் தூக்கி அடியில் பார்க்க மாட்டார்கள், முன்னங்காலோடு விட்டுவிடுவார்கள். நான் நான்கையும் தூக்குவேன். ஒருமுறை ஒருவன் பின்பாதப் புண்ணுக்குள் மெழுகு வைத்துக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்தவள் நான். வலது பின்னங்கால், சுத்தம். இடது பின்னங்காலைத் தூக்கினேன். நடுவில் இருக்கிற இரண்டு விரல்மெத்தையும் தனித்தனியாக இல்லை. ஒட்டிப் பிறந்து ஒரே மெத்தையாக, நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்து, அரச இலையின் மேல்பாதி மாதிரி இருந்தது. என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய்த் தானாக உட்கார்ந்தது. விரலுக்கு அந்த இடம் முன்னாலேயே தெரியும்.

ஒட்டுவிரலான் என்று அதற்குப் பெயர் வைத்தவர் தவமணி. எங்கள் வீட்டில் பிறந்த எட்டுக் குட்டிகளில் கடைசி, கழுத்தில் பச்சை நூல் கட்டியிருந்தேன். இல்லை, இருக்காது. விரல் ஒட்டிய நாய் உலகத்தில் ஒன்றுதானா இருக்கும். ஆனால் அதே இடது, அதே பின்னங்கால், அதே நடு விரல்கள். கேட்கலாம், ஒன்றே ஒன்று கேட்கலாம். காலை மெதுவாகக் கீழே விட்டு, "வயசு என்ன?" என்றேன். "போன மாசத்தோட நாலு முடிஞ்சது மேடம். கார்த்திகை தீபத்தன்னைக்குப் பொறந்ததுன்னு சொன்னாங்க" என்றார். சொன்னாங்க. யார் சொன்னாங்க. கேட்கக் கூடாது. நான்கு வருஷத்துக்கு முன் கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக அகல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பெட்டை மோட்டார் ஷெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு மண்ணைப் பறித்தது. பாதி விளக்கில் திரி போடாமலே ஓடினேன். பெரியவர் நாய்க்குத் தீனி எடுக்க இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையை உருவினார். மடிப்பு அவிழ்ந்து பையில் ஒரு ஜவுளிக்கடையின் பெயர் தெரிந்தது, அதற்குக் கீழே ஊர். வத்தலக்குண்டு.

வத்தலக்குண்டு. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பக்கம் பம்ப்செட் வேலை என்று போவார் தவமணி. நான்கு வருஷமாக ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எந்த மோட்டாருக்குக் காயில் எரியும். பைக் பெட்டியில் ஒருநாள் அவித்த முட்டை ஓடு கிடந்தது. யாருக்கு முட்டை அவித்து எடுத்துக்கொண்டு போகிறார். போனில் ராசு வ.குண்டு என்று ஒரு நம்பர். ராசு என்று ஆண் பெயரில் போட்டுவைப்பதெல்லாம் எனக்குத் தெரியாததா. ஒரு மத்தியானம் அவர் குளிக்கும்போது அந்த நம்பருக்கு அடித்தேன். ஆம்பளைக் குரல்தான் எடுத்தது, பின்னால் ஒரு நாய் குரைத்தது, வைத்துவிட்டேன். சரி, அவள் வீட்டில் நாய் வளர்க்கிறாள், அண்ணனோ அப்பனோ கூட இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேண்ட்டில் வெள்ளை முடி இருந்தால் அது எங்கள் பெட்டையின் முடி என்றும் சொல்லிவிடலாம், அதனால் அதை வைத்து அவரைப் பிடிக்க முடியவில்லை. நான்கு வருஷம் அந்த முகம் தெரியாத வத்தலக்குண்டுக்காரிக்கு நான் புடவை கட்டிப் பார்த்திருக்கிறேன், பச்சையில், ஊதாவில். அவள் என்னைவிடச் சிவப்பாக இருப்பாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இப்போது எதிரே நிற்பவர் ராசுவா. பெயர் கேட்கக் கூடாது.

"நடத்திக் காட்டுங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. பெரியவர் புது ஷூ கடிக்கக் கடிக்க ஓடுகிறார், நாய் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்னங்காலும் பின்னங்காலும் தறியில் நாடா போவது மாதிரி பிசகாமல் போகின்றன. என் குட்டி என்று சொல்லிக்கொள்ள ஒரு விநாடி ஆசை வந்தது. என் குட்டி செத்துவிட்டது. ஐந்தாவது வாரம் செத்துவிட்டது, நான்தான் அனுப்பினேன். படிக்க ஆரம்பித்து இரண்டாவது வருஷம் அது, எல்லாம் தெரிந்துவிட்ட வருஷம். எட்டுக் குட்டிக்கும் பால் சோறு வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்க் குளியலறையில் தனியாக விட்டு, முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் மூடியைத் தரையில் போட்டேன். கூட்டத்தில் வைத்துச் சோதித்தால் செவிட்டுக் குட்டியும் மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும், அதனால் தனியாக. அது எனக்குத் தெரியும். ஏழும் திடுக்கிட்டன. எட்டாவதை எடுக்கும்போது அது தூங்கிக்கொண்டிருந்தது, குளியலறைத் தரையில் இறக்கியும் தூங்கியது. மூடியைப் போட்டேன், அசையவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறை காதுக்கு ஒரு ஜாண் பக்கத்தில் போட்டேன். வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நோட்டில் பச்சை நூல், செவிடு என்று எழுதினேன். தவமணி வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு ஒருக்காப் பாப்பமே கொடி, தூங்குது பாவம்" என்றார். எனக்கு மறுநாள் மத்தியானத்திலிருந்து கல்லூரியில் பிராக்டிக்கல் பரீட்சை வேலை இருந்தது, நேரமில்லை. "எனக்குத் தெரியும்ங்க" என்றேன். செவிட்டுக் குட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, வளர்த்தால் குட்டி போடும், அதுவும் செவிடாகும், அதனால் டாக்டரிடம் ஊசி. மறுநாள் காலையில் வயர் கூடையில் துணி விரித்து நானே எடுத்து வைத்தேன். அவர் பைக்கில் மாட்டிக்கொண்டு போனார். நாலு மணிநேரம் கழித்து வெறுங்கூடையோடு வந்தார். கூடை கழுவியிருந்தது. "முடிஞ்சிருச்சா?" என்றேன். "முடிஞ்சிருச்சு" என்றார். காலரை இழுத்துக்கொண்டார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்வர எதற்கு நாலு மணிநேரம் என்று அன்றைக்கே தோன்றியது. வருத்தத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று விட்டேன். வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

நாய் ஓடித் திரும்பி என் முன் வந்து நின்றது. மூச்சுகூட வாங்கவில்லை. இப்போது டப்பா. இங்கேதான் எனக்குத் திடீரென்று வெளிச்சம் வந்தது, நல்ல வெளிச்சம் இல்லை. இது அந்தக் குட்டிதான் என்றால் செவிடு. செவிடு என்றால் ரிங்கை விட்டு வெளியே. ஏழாம் நம்பர், காது கேட்கவில்லை, தகுதி இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மற்ற ஆறில் நான்கைப் போட்டுவிட்டுப் போகலாம். இந்தப் பெரியவர் வத்தலக்குண்டுக்குப் போய்விடுவார், தவமணியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தன் வீட்டில் பிறந்த நாயை நடுவர் பார்க்கக் கூடாது, தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லி விலக வேண்டும், விலகினாலும் மூன்றாவது வாய்ப்பு போனது போனதுதான் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி பக்கமே போக வேண்டாம். செவிட்டு நாய் வந்தது, நான் கண்டுபிடித்தேன். பெஞ்சமின் சார்கூட மெச்சுவார். ஆனால் அவர் டப்பா ஆட்டியிருப்பாரே, அப்போது எப்படித் தப்பியது. தப்பிக்க வழி இருக்கிறது, சத்தம் வருகிற நேரம் பார்த்து வாரைச் சுண்டுவிரலால் சுண்டிவிட்டால் நாய் திரும்பும். பெரியவரைப் பார்த்தேன். வெகுளி மாதிரி நிற்கிறார். வெகுளி மாதிரி நிற்பதற்கும் ஆட்கள் பயிற்சி எடுக்கிறார்கள். நாயே, செவிடாக இரு. நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு.

பின்னால் போனேன். ஆட்டினேன். நாய் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தது. வார் அசைந்ததா. அசைந்த மாதிரி இருந்தது. "வாரைக் கீழ போடுங்க" என்றேன். "ஓடிறாது மேடம், ஆனா வழக்கமில்ல…" "கீழ போடுங்க." போட்டார். கயிற்றுக்கு அந்தப்பக்கம் யாரோ சிரித்தார்கள், போன தடவை செம்மண்ணைப் பார்த்தவர்களாக இருக்கும். மறுபடி ஆட்டினேன். திரும்பியது. அப்போதுதான் கவனித்தேன், சூரியன் எனக்குப் பின்னால், என் நிழல் நாயைத் தாண்டி முன்னால் விழுகிறது. நிழல் கை ஆடுவதைக் கண்ணால் பார்த்துத் திரும்புகிறது, காதால் இல்லை. சந்தேகம் எனக்கு எப்போதும் கைகொடுக்கும். பக்கவாட்டில் நகர்ந்து, நிழல் விழாத இடமாகப் பார்த்துப் பத்தடி தள்ளி நின்றேன். நேரம் பார்க்கிற பெண் கையைத் தூக்கினாள், இரண்டரை நிமிஷம் முடிந்தது. முடியட்டும். டப்பாவை ஆட்டவில்லை. லேசாகச் சாய்த்தேன், ஒரே ஒரு கூழாங்கல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருண்டது. எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. நாயின் வலது காது பின்னால் வந்தது, அப்புறம் இடது காது, அப்புறம் தலை. பொன்னிறக் கண்ணால் என்னைப் பார்த்தது. மூன்று முறை. அன்றைக்கும் மூன்று முறைதான்.

குட்டிகளின் காதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சோதிக்க வேண்டும். வயிறு நிறைந்த ஐந்து வாரக் குட்டி கல் மாதிரித் தூங்கும், இடி விழுந்தாலும் எழாது, அதனால் விழித்திருக்கும்போது மட்டும், ஒரு நாளில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தைப் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, இதை எழுதினவனுக்கு ராஜபாளையத்தைப் பற்றி என்ன தெரியும், வெள்ளைக்காரனைப் பார்த்து எழுதியிருப்பான் என்று சந்தேகப்பட்டேன். அந்தப் பக்கத்துக்கு மறுபடி போகவே இல்லை, பரீட்சையில் அந்தக் கேள்வி வராதபடி கடவுள் காப்பாற்றினார். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். மூக்குக்குச் சாயம், புண்ணுக்கு மெழுகு, வத்தலக்குண்டில் ஒருத்தி. மூடியைப் போட்ட கையை மட்டும் சந்தேகப்படவில்லை. தூங்குது பாவம் என்று அந்த மனுஷர் சொன்னார். காயில் கட்டுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கூடையோடு போய் நாலு மணிநேரம் ஆள் தேடியிருக்கிறார். நான்கு வருஷம் முட்டை அவித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மறுபடி மூடியைத் தேடியிருப்பேன். இன்றைக்கு ஏன் அவர் உள்ளே வரவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. வந்தால் இந்த நாய் ரிங்கைத் தாண்டிக்கொண்டு அவர் மேல் பாய்ந்திருக்கும். எனக்கு லேப்ரடார் என்ற தைரியத்தில் பெரியவரைப் பேர் கொடுக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று ரிங் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். அழுகை வரவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, வந்த வேகத்தில் அது பயமாகிப்போனது.

பெரியவர் வாரைக் குனிந்து எடுத்துக்கொண்டு, "எதும் கொறையா மேடம்?" என்றார். "கொறை ஒண்ணுமில்ல" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நாயின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வரிசைக்குப் போனார். தாளை எடுத்தேன். முதல் இடத்துக்கான கட்டத்தில் பேனா நிற்கிறது. இந்த ஏழில் இதுதான் முதல், இரண்டாவதுக்கும் இதற்கும் நடுவே ஒரு ஊர் இருக்கிறது, பெஞ்சமின் சார் பையில் தெரிந்த மை ஒன்று இல்லை, ஏழு. ஏழு என்று போட்டால் நான் நடுவர். யாருக்குத் தெரியப்போகிறது, தாய் தகப்பன் தெரியாத நாட்டு நாய் என்று பதிந்திருப்பார்கள், பெரியவருக்கு நான் யாரென்றே தெரியாது, தவமணி வாயைத் திறக்க மாட்டார். ஏழு என்று போட்டு அடியில் இரண்டு வரி எழுத வேண்டும். நல்ல தோள், நல்ல நடை, கூர்மையான காது. கூர்மையான காது என்று என் கையால் எழுத வேண்டும். பேனா கீழே இறங்கவில்லை. இதைப் பெரிய நியாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். இதே கை பச்சை நூல், செவிடு என்று மளமளவென்று எழுதியது.

ஷாமியானாவுக்கு நடந்தேன். ஆறு நாய்களும் மூச்சிரைத்துக்கொண்டிருக்கின்றன, ஏழாவது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியவர் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கிறது. பெஞ்சமின் சாருக்குப் பக்கத்தில் நின்று, காலியான தாளை நீட்டி, மெதுவாகச் சொன்னேன், கயிற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று அவ்வளவு மெதுவாக. "ஏழாம் நம்பர நான் பாக்கக் கூடாது சார். எங்க வீட்ல பொறந்த நாயி. செவிடுன்னு சொல்லி ஊசி போட்டுக் கொல்லச் சொன்னேன்."

"என்ன?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் பார்த்தேன், நான் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம். ஆறு வருஷமாக வலது பக்கம் நின்று பேசியவள், இன்றைக்குத் தெரியாமல் வந்து நின்றேனா, தெரிந்தே நின்றேனா என்று என்னையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல பொற்கொடி. சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

வரிசையின் கடைசியில், பதினைந்தடி தள்ளி, ஏழாம் நம்பர் தின்பதை நிறுத்தியிருந்தது. வலது காது முதலில் என் பக்கம் வந்தது, அப்புறம் இடது. பிறகு தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன், சத்தமாக.